கம்பளி ஸ்வெட்டருக்குக் கண்டாங்கிக் கட்டம்: ஓட்டையை மறைக்காமல் டார்னிங் போடும் முறை

காரைக்குடிப் பக்கம் ஸ்வெட்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், செட்டிநாட்டு வீட்டு டிரங்குப் பெட்டி எதையும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். மார்கழியில் காசிக்குப் போனபோது அங்கே நகரத்தார் சத்திரத்துக் குளிர் தாங்காமல் வாங்கியது இருக்கும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஹாஸ்டலில் இருந்து படித்த பிள்ளைகளின் பள்ளி ஸ்வெட்டர் இருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் விடியற்காலைப் பனிக்கு மாட்டிக்கொள்கிற மங்கி குல்லா இருக்கும். அப்பத்தா கையால் பின்னிய மஃப்ளர் ஒன்றும் நிச்சயம். வருஷத்தில் சில நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் போய்விடும். அடுத்த முறை எடுக்கும்போது முழங்கையில் ஓட்டை.

ஓட்டையை ஊசி நூலால் நெய்து அடைப்பதுதான் டார்னிங். அந்த ஓட்டையை அதே நிற நூலால் கண்ணுக்குத் தெரியாமல் அடைப்பது ஒரு வழி. வேறு நிற நூலால், இங்கேதான் தைத்திருக்கிறது என்று தெரியும்படியே அழகாக அடைப்பது இன்னொரு வழி. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. வெளியே தெரியும்படி போடுவதால் எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மறைக்கிற தையலில் இழை கொஞ்சம் கோணினாலும் நிறம் காப்பாற்றிவிடும். அரக்குச் சிவப்பு ஸ்வெட்டரில் மஞ்சள் நூல் போட்டால் கோணின ஒவ்வொரு இழையும் ஊருக்கே தெரியும். அதனால் இதற்குத்தான் கை ஒழுங்கு அதிகம் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்பும், 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச் வரை, பிரிட்டனில் துணிக்கும் ரேஷன் இருந்தது. உள்ளதைச் சரிபண்ணி உடுத்துங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. அன்றைக்கு அவர்கள் கஷ்டத்துக்குப் போட்ட தையலை இன்றைக்கு உலகம் முழுக்க அழகுக்காகப் போடுகிறார்கள். நமக்கு இரண்டு காரணமும் பொருந்தும்.

முதலில் அது கம்பளிதானா என்று பாருங்கள்

பெட்டியில் இருப்பதில் பாதி அக்ரிலிக்காக இருக்கும். எந்த நூல் போடுவது, எப்படித் துவைப்பது, இஸ்திரி போடலாமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. உள்பக்கத் தையல் ஓரத்திலிருந்து ஒரு சிறு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டியான மணியாக உறையும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். கலப்பு நூல் இரண்டு குணத்தையும் காட்டும்.

ஓட்டை போட்ட பூச்சி யார் என்பதும் இதில் தெரிந்துவிடும். துணி அந்துப்பூச்சி வைக்கோல் நிறத்தில் சிறிதாக இருக்கும். பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. முடியிலும் கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதம்தான் அதற்கு ஆகாரம். வியர்வையோ குழம்போ பட்ட இடம் என்றால் கூடுதல் பிரியம். காலர் ஓரமும் அக்குளும் முதலில் ஓட்டையாவது அதனால்தான். வெறும் பருத்தித் துணியில் ஓட்டை என்றால் கரப்பானையோ எலியையோ, கஞ்சி போட்ட துணியாக இருந்தால் வெள்ளிப்பூச்சியையோ சந்தேகப்படுங்கள்.

புழு உயிரோடு இருக்கிற ஸ்வெட்டரில் டார்னிங் போடுவது வீண் வேலை. துணியைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 டிகிரிக்கு வந்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால்தான் துணி ஈரமாகாது. ஃபிரீசரில் இடமில்லை என்றால் நம் ஊர்ச் சித்திரை வெயில் இருக்கிறது. கறுப்புப் பையில் கட்டி மொட்டைமாடியில் மத்தியானம் முழுக்கப் போட்டு, இடையில் புரட்டிவிடுங்கள். உள்ளே 50 டிகிரியைத் தாண்டி சில மணி நேரம் நின்றால் போதும். பையில்லாமல் நேர் வெயிலில் காயப்போட்டால் நிறம் வெளுக்கும், இழையும் பலவீனமாகும்.

துவைத்த பிறகுதான் தையல்

பலர் தைத்துவிட்டுத் துவைக்கிறார்கள். பழைய அழுக்கோடு சுருங்கிக் கிடக்கிற துணியில் தைத்துப் பிறகு நனைத்தால் துணி ஒரு பக்கம் இழுக்கும், தையல் ஒரு பக்கம் இழுக்கும்.

கம்பளிக்கு மூன்று எதிரிகள்: சூடு, சலவைச்சோடா போன்ற காரம், கசக்கல். மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கிவிடும், திரும்பி வராது. சலவைத்தூள் வேண்டாம். பத்துப் பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்தால் ஒரு ஸ்வெட்டருக்குத் தாராளம். சீயக்காய் வெளிர் நிறங்களில் பழுப்பேற்றும். காலைத் தண்ணீரையே பிடியுங்கள். கோடையில் மத்தியானக் குழாயில் வருகிற மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஸ்வெட்டரைக் குழந்தைச் சட்டையாக்கிவிடும். முற்றத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

பத்து நிமிஷம் ஊறட்டும், அமுக்கி அமுக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் விரித்துப் பாய் சுருட்டுவதைப் போலச் சுருட்டி மேலே அழுத்தினால் ஈரம் போய்விடும். கொடியில் போட்டால் ஈரக் கனத்தில் கை நீண்டுவிடும். வளவில் நார்க்கட்டில் மேல் வேட்டியை விரித்து, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கட்டிலின் கீழிருந்தும் காற்று வருவதால் சீக்கிரம் காயும்.

காய்ந்ததும் முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை மட்டுமல்ல, ஓட்டையாகப் போகிற இடங்களும் மெல்லியதாகத் தெரியும். அந்த இடங்களைச் சுற்றி வேறு நிறத் தையல் நூலால் பெரிய தையலாகக் கோடு போட்டுவையுங்கள். மேஜையில் விரித்ததும் அவை கண்ணுக்குத் தப்பிவிடும்.

நூலும் ஊசியும் கொட்டாங்குச்சியும்

நூல் ஸ்வெட்டரின் இழையளவு தடிமனோ, ஒரு பிடி மெல்லியதோ இருக்க வேண்டும். தடித்தால் தைத்த இடம் தழும்பாக நிற்கும். சுற்றியிருக்கிற பலவீனமான துணியையும் அது அறுக்கும். கம்பளிக்குக் கம்பளி நூல் நல்லது. பழைய மஃப்ளரைப் பிரித்தும் நூல் எடுக்கலாம். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், டிபன் மூடியில் தளர்வாகச் சுற்றி நனைத்துக் காயவைத்தால் நேராகும். மெஷினில் துணியாகப் பின்னி வெட்டித் தைத்த ஸ்வெட்டரைப் பிரித்தால் துண்டு துண்டாகத்தான் வரும், அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சன்னமான துணிக்கு எம்பிராய்டரி நூலில் ஆறு இழையிலிருந்து இரண்டோ மூன்றோ பிரித்துப் போடலாம். சிவப்பு, அரக்கு நூல் என்றால் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா பார்த்துவிட்டே கை வையுங்கள்.

நிறத்துக்கு நமக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மஞ்சள், அரக்கு, கறுப்பு. அகலக் கரை, கட்டம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தச் சேர்க்கை இந்த ஊரின் கண்ணில் பழகிவிட்டது. சாம்பல் ஸ்வெட்டரில் அரக்கும் மஞ்சளும் போட்டுப் பாருங்கள். ஆச்சிமார், “ஏன் ஆத்தா, அதே கலர்ல நூல் கெடைக்கலையா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

ஊசி முனை மழுங்கியதாக, காது பெரியதாக இருக்க வேண்டும். டேபெஸ்ட்ரி ஊசி என்று கேட்டால் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும். தடித்த ஸ்வெட்டருக்கு 18ஆம் எண், சன்னத்துக்கு 22 அல்லது 24. எண் கூடினால் ஊசி மெலியும். கூர் ஊசி இழையைக் குத்திப் பிளக்கும், அதனால் வேண்டாம்.

ஓட்டைக்குக் கீழே பிடிக்க, மேல்நாட்டில் மரக்காளான் மாதிரி ஒன்று விற்கிறார்கள். இங்கே கொட்டாங்குச்சி போதும். நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் வெளிப்பக்கத்தை வழவழப்பாக்குங்கள். எண்ணெய் தடவாதீர்கள், கறை துணிக்கு ஏறும். முழங்கைக்கு டென்னிஸ் பந்தும், சாக்ஸுக்கு ஃபியூஸ் போன குண்டு பல்பும் சரியாக உட்காரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் குமிழ் மூடி வைத்த மரச் சிமிழ் கண்ணில் பட்டால், அந்த மூடி இதற்கென்றே கடைந்தது போல இருக்கும். விலையைக் கேட்டுவிட்டுக் கொட்டாங்குச்சிக்கே திரும்பினாலும் பழுதில்லை.

மெலிந்த இடத்துக்கு: கண்ணிமேல் கண்ணி

ஓட்டை விழவில்லை, மெலிந்திருக்கிறது என்றால் வேலை சுலபம். பின்னல் துணியின் நல்ல பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில வி எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரிக் கண்ணிகள் நெடுக ஓடும். அந்த வியின் அடிமுனையில் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். அதற்கு நேர் மேலே உள்ள கண்ணியின் இரண்டு கால்களுக்கும் அடியில் வலமிருந்து இடமாக ஊசியை விட்டு இழுங்கள். புறப்பட்ட அடிமுனையிலேயே ஊசியை உள்ளே இறக்குங்கள். பழைய கண்ணியின்மேல் புதுக் கண்ணி படிந்துவிடும். அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாகப் போகலாம். துணியின் நெகிழ்வு கெடாது. மெலிந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு கண்ணி கூடுதலாகப் போடுங்கள்.

ஓட்டைக்கு: பாவும் ஊடையும்

இதுதான் முக்கியமான வேலை. ஓட்டையின் மேல் ஒரு சின்னத் துணியையே நெய்கிறீர்கள்.

ஓரத்தில் தொங்குகிற பிசிறைக் கத்தரிக்க வேண்டும் என்று கை துடிக்கும். வேண்டாம். பொடியாகிப்போன பஞ்சை மட்டும் எடுங்கள். அறுந்த இடத்தில் வாய் திறந்து நிற்கிற கண்ணிகள் நமக்கு வேண்டும். அவை ஓடிவிடாமல் ஒரு மெல்லிய தையல் நூலை அவற்றின் ஊடே ஒரு சுற்றுத் தளர்வாக ஓட்டி வையுங்கள்.

கொட்டாங்குச்சியைக் கீழே வைத்து, அடியில் ரப்பர் பேண்ட் போடுங்கள். துணி விறைக்கக் கூடாது. ஓட்டை தன் இயல்பான அளவில் கிடக்க வேண்டும். விறைத்த நிலையில் தைத்தால், கழற்றியதும் தைத்த இடம் உப்பிக்கொண்டு நிற்கும்.

முதலில் பாவு, அதாவது நெடுக ஓடுகிற இழைகள். ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, நல்ல துணியில், வலது கீழ் மூலையில் ஆரம்பியுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், ஒரு விரல் நீளத்துக்கு நூலை விட்டுவிடுங்கள். ஒரே நெடுவரிசையில் மேல்நோக்கிப் போகிறீர்கள். ஒரு கண்ணியின் ஒரு காலுக்கு அடியில் ஊசி, அடுத்த கண்ணியைத் தாண்டு, மறுபடி அடியில். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பி, பக்கத்து வரிசையில் கீழே இறங்குங்கள். இந்தமுறை, போன வரிசையில் தாண்டிய இடத்துக்கு நேரே ஊசி அடியில் போக வேண்டும். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சின்ன வளையம் விடுங்கள். முதல் துவைப்பில் நூல் சுருங்கும்போது அந்த வளையம்தான் கொடுக்கும். அது இல்லாவிட்டால் நான்கு பக்கமும் சுருக்கம் விழும்.

ஓட்டையை எட்டும் வரிசையில், கீழ் விளிம்பில் வாய் திறந்த கண்ணிக்குள் ஊசியை விட்டுப் பிடித்து, ஓட்டையின் வெற்றிடத்தைக் கடந்து, எதிரே மேல் விளிம்பில் உள்ள கண்ணியையும் பிடியுங்கள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பின்னால் அங்கிருந்து நூலேணி ஓடும், அதாவது கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணிப்படி மாதிரி நிற்கும். ஓட்டையின் இடது விளிம்பைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் வந்ததும் பாவு முடிந்தது. ஓட்டையின் மேல் இழைகள் நூல் தடிமன் இடைவெளியில் இணையாக, தளரவும் இல்லாமல் விறைக்கவும் இல்லாமல் கிடக்கும்.

பிறகு ஊடை, அதாவது குறுக்கிழைகள். கீழிருந்து, குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் அடியில். ஊசியைத் திருப்பி, காது முன்னால் போகும்படி ஓட்டினால் இழை பிளக்காது, வேகமும் கூடும். அடுத்த வரிசை நேர்மாறு. ஒவ்வொரு வரிசையையும் ஊசியால் கீழே தள்ளிப் படியவையுங்கள். ஓலைக்கொட்டான் என்கிற ஓலைக் கூடை முடையத் தெரிந்த கைக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை, அதே ஏற்ற இறக்கம்தான். ஒரு வித்தியாசம் மட்டும்: ஓலையை இறுக்கினால் கொட்டான் நிற்கும், கம்பளியை இறுக்கினால் துணி சுருங்கும். கொட்டான் பழகிய கைகள் முதலில் இங்கேதான் இடறும். ஓட்டைக்கு வெளியே நல்ல துணிமேல் வரும்போது, பாவு இழைகளோடு துணியின் கண்ணியையும் அங்கங்கே கொஞ்சம் கோத்துக்கொள்ளுங்கள். இடது வலது ஓரங்களிலும் அதே சின்ன வளையம்.

கண்டாங்கிக் கட்டம் வேண்டுமென்றால் பாவிலேயே தீர்மானிக்க வேண்டும். அரக்கில் நாலு இழை, மஞ்சளில் இரண்டு, மறுபடி அரக்கு நாலு. ஊடையிலும் அதே கணக்கு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் கட்டம் தானே விழும். கறுப்பை ஓரத்தில் இரண்டு இழை கரையாக விட்டால் எடுப்பாக இருக்கும். நிறம் மாறும்போது நூலை வெட்டி வால் விடுங்கள், பின்பக்கம் நீளமாக இழுத்துச் செல்ல வேண்டாம், விரல் மாட்டும்.

இரண்டு சென்டிமீட்டர் ஓட்டைக்குச் சுற்றுவட்டத்தோடு சேர்த்து ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஆகும். சாதாரணத் தடிமனில் நாலு மீட்டர் நூல் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியில் ஒரு தடவைக்கு ஒன்றரை முழத்துக்கு மேல் கோக்காதீர்கள், நீள நூல் உரசி உரசிப் பஞ்சாகும். முடித்ததும் வால்களைப் பின்பக்கம் நாலைந்து கண்ணிகளில் கோணலாக ஓட்டிவிட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போட்டால் உடம்பில் உறுத்தும்.

இதையே வரிசையான கொக்கிகள் வைத்த ஒரு குட்டித் தறியிலும் செய்யலாம். ‘லங்காஷயரின் மிகச் சிறிய தறி’ என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் விற்றதன் நகல்கள் இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. சதுரம் கச்சிதமாக வரும். ஆனால் வாய் திறந்த கண்ணிகளை அது பிடித்துத் தராது, அதைக் கைதான் செய்ய வேண்டும். முதல் இரண்டு ஓட்டையையாவது வெறும் ஊசியால் அடைத்த பிறகு வாங்குங்கள்.

மற்றவை, சுருக்கமாக

நூலேணி ஓடியிருந்தால் டார்னிங் தேவையே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் குரோஷா ஊசியைக் கீழே நிற்கிற கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, அதற்கு மேலுள்ள படி இழையைப் பிடித்து அந்தக் கண்ணி வழியே இழுங்கள். படிப்படியாக மேலே ஏறி, கடைசிக் கண்ணியை நூலால் கட்டிவிடுங்கள். ஓட்டை விழாமல் ஓடிய நூலேணி அப்படியே மூடிவிடும்.

மணிக்கட்டு ஓரம் பிய்ந்திருந்தால், நெருக்கமான காஜா தையலை மாறுபட்ட நிறத்தில் சுற்றிலும் போடுங்கள். கை நுழையும்போது விரிய வேண்டும், ஆகவே நூலை இழுக்காதீர்கள். இரண்டு கைக்கும் போட்டால் பழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முழங்கையே உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தால் நெய்து மாளாது. ஒட்டுத்துணிதான். பழைய கண்டாங்கிப் புடவைத் துண்டை வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் நெய்த துணி நீளாது, ஸ்வெட்டர் நீளும், ஒரே மாதத்தில் ஓரம் கிழிந்துகொண்டு வரும். இன்னொரு பழைய ஸ்வெட்டரிலிருந்து முட்டை வடிவத்தில் வெட்டி, பின்னலின் திசை ஒத்துப்போகும்படி வைத்துத் தையுங்கள். கண்டாங்கித் துண்டை நீளத் தேவையில்லாத பாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பனியனும் டி-ஷர்ட்டும் பின்னல் துணிதான், கண்ணி பொடியாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. முனை உருண்ட மெல்லிய ஊசி, எம்பிராய்டரி நூலில் ஒரே இழை, உள்ளே பழைய பனியன் துணியில் ஒட்டு, மேலே நெருக்கமான ஓட்டுத் தையல். இவ்வளவு போதும்.

தைத்த பிறகும், பெட்டிக்குள் போகும் முன்பும்

கம்பளி என்றால் தைத்த இடத்தின்மேல் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் ஆவி மட்டும் படும்படி காட்டுங்கள். இழைகள் சமமாகப் படிந்துவிடும். அக்ரிலிக்குக்கு இது கூடவே கூடாது. சூடு பட்டால் துவண்டு, பழைய விறைப்புக்குத் திரும்பாது. நனைத்துக் கையால் தட்டிக் காயவைத்தால் போதும். மேலே பந்து பந்தாகத் திரண்ட பிசிறைச் சீப்பால் வாருங்கள், பிளேடு புதுத் தையலை அறுத்துவிடலாம்.

உடுத்தியதைத் துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், தோள்பட்டை புடைக்கும். மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சியைத் தள்ளி வைக்க உதவும். உள்ளே ஏற்கெனவே இருக்கிற புழுவைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். அந்துருண்டை போடுகிறீர்கள் என்றால், எடுத்த துணியை நன்றாகத் துவைத்துக் காற்றாடவிட்டே உடுத்துங்கள். கைக்குழந்தைத் துணியோடு அதை வைக்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

ஆடி முடிவிலும் மார்கழி தொடங்கும் முன்பும் ஒருமுறை பெட்டியைத் திறந்து உதறிப் பாருங்கள். புதிதாக விழுகிற ஓட்டை பெரும்பாலும் பழைய தையலின் ஓரத்தில்தான் விழும், அங்கேதான் உறுதியான துணியும் மெலிந்த துணியும் சேர்கின்றன. பழைய டார்னிங்கைப் பிரிக்க வேண்டாம். அதன் ஓரத்து வளையங்களையே பிடித்துக்கொண்டு, அடுத்த சதுரத்தை அங்கிருந்து நெய்ய ஆரம்பிக்கலாம்.